எம் என்றால் மச்சான்

ஜூன் 2, திங்கள்
டயாலிசிஸ் வார்டு

‘அன்புள்ள’ என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும் என்றுதான் தாளை மாற்றவில்லை.

சனிக்கிழமை காலை நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குக் கிளம்பியபோது, எதுவுமே தெரியாதவர் மாதிரி வாசலில் நின்று "எப்ப வருவ?" என்று கேட்டீர்களே, அதைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை. முந்தின நாள் மத்தியானம் ஆபீஸில் என் கணினித் திரை உறைந்துபோய் உங்கள் நாற்காலியில்தான் உட்கார்ந்தேன். நீங்கள் டீ குடிக்கப் போனீர்கள். டீபக்கர் திறந்தே இருந்தது. என் வேலைக்கு ஒரு சுருக்கக் குறியீடு தேவைப்பட்டது. உங்களிடம் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கலாமே என்று எல்லாக் குறியீடுகளையும் காட்டச் சொன்னேன். காட்டியது.

இதைத் தம்பியிடம் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவனுக்குப் புரிய வேண்டும் அல்லவா? ‘டேய், ஓடுகிற புரோகிராமை நடுவில் நிறுத்தி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க, மாற்ற, திரும்ப ஓடவிட ஒரு கருவி இருக்கிறது, அதற்கு டீபக்கர் என்று பெயர். அதற்குக் கொடுக்கும் கட்டளைகள் முழ நீளம் இருக்கும். அதனால் உன் மாமா ஒரு எழுத்தைக் குறியீடாக வைத்து, இந்த எழுத்தை அடித்தால் அந்த முழ நீளத்தையும் அந்த இடத்தில் போட்டுக்கொள் என்று சொல்லிவைப்பார். மெஷின் போட்டுக்கொள்ளும். என்ன ஏது என்று கேட்காது.’ இதுவரை சொல்லிவிடலாம். அதற்கு மேல்தான் நாக்கு எழவில்லை.

உங்கள் ‘எம்’ விரிந்து திரையில் மூன்று வரியாக நின்றது. சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்களின் மாதங்களை எண்ணும் இடத்தில் நில், நோயாளி எண் இதுவாக இருந்தால், காத்திருந்த மாதங்கள் என்ற இடத்தில் இந்த எண்ணைப் போடு, பிறகு ஓடு. அந்த நோயாளி எண்ணை நான் தூக்கத்திலும் சொல்வேன். வாரம் மூன்று தடவை இந்த வார்டுக்குத் தம்பி கொண்டுவரும் அட்டையில் இருக்கிறது. எம் என்றால் மச்சான். உங்கள் மச்சான், என் தம்பி.

ஆபீஸில் உங்களை ‘ஒத்தையெழுத்து’ என்று கூப்பிடுவார்கள். எல்லோரும் முக்கால் பக்கம் தட்டுகிற வேலையை ஒரே எழுத்தில் முடிக்கிறவர் என்று எனக்குக்கூடப் பெருமைதான். வெள்ளிக்கிழமைதோறும் யாருக்கு முதலில் சிறுநீரகம் என்ற பட்டியலை ஓட்டும்போது நீங்கள் அந்த ஓர் எழுத்தை அடித்திருக்கிறீர்கள். வந்த பட்டியலை எல்லா மருத்துவமனைக்கும் அனுப்பியது யார்? ஆபரேட்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான். தம்பி நாலாவது இடத்துக்கு வந்தபோது இந்த வார்டில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்ததும் நான்தான். யாருடைய இடம் அது? யாரைக் கீழே தள்ளிவிட்டு என் தம்பியை மேலே ஏற்றினீர்கள்?

அந்தக் குறியீட்டை அழித்துவிட்டேன். ஒரு வரிதான், எனக்கும் கட்டளை தெரியும். திரும்பப் போட்டீர்கள் என்றால் மேலாளரிடம் நானே போய்ச் சொல்வேன்.

போன் செய்யாதீர்கள், எடுக்க மாட்டேன். போனில் நீங்கள் ‘ம்’ என்பீர்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த ‘ம்’மை நான்தான் விரித்துப் புரிந்துகொள்கிறேன். சரி என்றாலும் ‘ம்’, பசிக்கிறது என்றாலும் ‘ம்’, இதைப் பற்றிப் பேசாதே என்றாலும் ‘ம்’. எழுதுங்கள். முழு வாக்கியமாக எழுதுங்கள்.

தம்பிக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்து நாற்காலியில் உட்காரும் ஓவிய டீச்சரோடு சிரித்துக்கொண்டிருக்கிறான்.

(கையெழுத்துப் போட மனசு இல்லை)


ஜூன் 7, சனி
வீடு

என் தங்கத்துக்கு,

உன் கடிதம் நேற்றுச் சாயங்காலம் வந்தது. மத்தியானமே எனக்குத் தெரிந்துவிட்டது. பட்டியல் புரோகிராமை ஓட்டி, வழக்கமான இடத்தில் ‘எம்’ அடித்தேன். அப்படி ஒன்று எனக்குத் தெரியாதே என்றது டீபக்கர். கை தவறிவிட்டது என்று நினைத்துத் திரும்ப அடித்தேன். மறுபடியும் தெரியாது என்றது. மேலாளர் பின்னால் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வரியையும் அவர் கண் முன்னால் தட்ட முடியுமா? ஓடவிட்டேன். பட்டியல் வந்தது. மச்சான் அறுபத்தொன்றாவது இடத்தில் இருக்கிறான்.

நீ வாசலில் நின்றபோது எனக்கு உண்மையாகவே தெரியாது. தம்பிக்கு ஒத்தாசைக்குப் போகிறாய் என்றுதான் நினைத்தேன். அதை நம்பு. மற்றதை நம்பாவிட்டாலும் பரவாயில்லை.

முழு வாக்கியமாக எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். நான் போட்ட எண் பொய் எண் இல்லை. மச்சான் அந்த ஊர் மருத்துவமனைக்கு மாறினான் இல்லையா, வேன் வேலை கிடைத்து? ஒருவருடைய கோப்பு ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால், இந்தப் பாழாய்ப்போன புரோகிராம் மாறிய நாளிலிருந்துதான் காத்திருப்பை எண்ணுகிறது. அதற்கு முன்னால் காத்திருந்த வருஷங்களை விழுங்கிவிடுகிறது. முதல் தடவை கண்டபோதே மேலாளரிடம் ஓடினேன். ஆறு மாதத்தில் புது மெஷின் வருகிறது, அதுவரை பழைய புரோகிராமில் ஒரு புள்ளிகூட மாற்றக்கூடாது என்றார். அந்த ஆறு மாதம் இரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. பட்டியல் நடுவில் நின்றுவிடாமல் இருக்க டீபக்கருக்குள் வைத்து ஓட்ட மட்டும் எனக்கு அனுமதி உண்டு, அது உனக்கும் தெரியும். அந்த ஒரு சந்துக்குள் புகுந்துதான் மச்சானுக்கு அவன் வருஷங்களைத் திருப்பிக் கொடுத்தேன். யாரையும் தள்ளவில்லை.

உன் சிறுநீரகம் அவனுக்குச் சேராது என்று டாக்டர் சொன்ன அன்று, நீ படியிலேயே உட்கார்ந்துவிட்டாய். நான் ‘ம்’ மட்டும்தான் சொன்னேன். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமைதான் ‘எம்’ போட்டேன். நீ விரித்துப் படிக்காத ‘ம்’ அது ஒன்றுதான்.

திரும்பப் போட விடு. நீ சரி என்று எழுதினால் போதும். சொல்லாமல் போட மாட்டேன், உன்னிடம் இன்னொரு தடவை மாட்டிக்கொள்ள எனக்குத் தெம்பு இல்லை. ஆனால் சீக்கிரம் சொல்லு. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன்
ஒத்தையெழுத்து


ஜூன் 11, புதன்
தம்பி வீடு

தங்கமும் வேண்டாம் பித்தளையும் வேண்டாம். கேளுங்கள்.

தம்பியின் கையில் ரத்தம் எடுக்கும் நரம்பு அடைத்துக்கொண்டது. திங்கட்கிழமை கழுத்தில் குழாய் போட்டார்கள். இனிமேல் போட வேறு இடம் இல்லை என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. உங்கள் கடிதம் நேற்று வந்தபோது அவன் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். நான் சமையலறையில் நின்று படித்தேன். அறுபத்தொன்று என்ற இடத்தில் தாளை மடித்து வைத்துவிட்டேன். குழாயடியில் முகம் கழுவினேன், திரும்பப் படித்தேன், திரும்பவும் அதே அறுபத்தொன்று.

ஏன் சொல்லவில்லை? இரண்டு வருஷம் ஒரே அறையில், ஒரே வீட்டில், ஒரே தட்டில் சாப்பிட்டோம். ‘இப்படி ஒரு கோளாறு, இப்படிச் சரி செய்கிறேன்’ என்று ஒரு தடவை வாயைத் திறந்திருந்தால் நான் அதை அழித்திருப்பேனா? என் கையாலேயே என் தம்பியைப் பட்டியலின் அடியில் தள்ள வைத்துவிட்டீர்களே. உங்களை என்ன செய்தால் தகும்?

இதற்கு மேலே ஒரு வரியை அடித்துவிட்டேன் பாருங்கள், ‘போடுங்கள், எம் போடுங்கள், இன்றைக்கே போடுங்கள்’ என்று எழுதியிருந்தேன். உறையில் வைத்து ஒட்டியும்விட்டேன். பிறகு இன்று காலை வார்டுக்குப் போனோம்.

பக்கத்து நாற்காலி ஓவிய டீச்சரைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? குழந்தைகளுக்கு யானை வரையக் கற்றுக்கொடுப்பவர். தம்பியின் கழுத்துக் கட்டைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, டை கட்டிக்கிட்டு வந்திருக்க, பொண்ணு பாக்கவா?" என்று கேட்டார். அவனும் காய்ச்சலோடு சிரித்தான். பிறகு பேச்சுவாக்கில் டீச்சர் என்னிடம் சொன்னார், அவர் தம்பிக்கு முன்னாலிருந்தே காத்திருக்கிறாராம். ரத்த வகையும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். மாற்றலாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து பட்டியலில் நகரவே இல்லையாம். "மெஷினுக்கு என் மூஞ்சி பிடிக்கல போல" என்றார்.

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். உறையைக் கிழித்து, அந்த வரியை அடித்துவிட்டு, மீதியை இப்போது எழுதுகிறேன்.

எத்தனை பேர்? ஊர் மாறியதால் வருஷங்களை இழந்தவர்கள் எத்தனை பேர் அந்தப் பட்டியலில் கிடக்கிறார்கள்? உங்கள் ‘எம்’முக்கு என் தம்பியை மட்டும்தான் தெரியுமா? பதில் எழுதுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, என்ன பதில் வரும் என்பதும் தெரிகிறது.


ஜூன் 14, சனி
வீடு

முப்பது, நாற்பது பேர் இருக்கலாம். சரியாக எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணினால் சும்மா இருக்க முடியாது என்பதால்தான் எண்ணவில்லை.

திட்டு. ஆனால் இதையும் கேள். ஒரே ஓர் ஆள் மேலே போனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். நாற்பது பேர் ஒரே வெள்ளிக்கிழமையில் இடம் மாறினால் எல்லா மருத்துவமனையிலிருந்தும் போன் வரும், டீபக்கரை என் கையிலிருந்து பிடுங்குவார்கள், அதற்குப் பிறகு மச்சானுக்கும் இல்லை, யாருக்கும் இல்லை. இதுதான் என் கணக்கு. நான் என்ன ஊருக்கெல்லாம் மாமனா? எனக்கு இருப்பது ஒரு மச்சான். அவனைத்தான் பார்த்தேன். இரண்டு வருஷம் அந்த மற்றவர்கள் எனக்கு வெறும் எண்களாக இருந்தார்கள். நீ வந்து யானை வரைகிறவர் என்கிறாய். இனி நான் எப்படி அந்த எண்ணைப் பார்ப்பேன்?

இன்னொன்று. சொல்லாமல் விட்டுவிடலாம் என்று தாளை இரண்டு தடவை மடித்துவிட்டேன். சொல்லாததால்தான் இவ்வளவும் என்று நீ எழுதியிருக்கிறாய், அதனால் சொல்கிறேன். வியாழக்கிழமை மச்சானின் ரத்த வகையில் ஒரு சிறுநீரகம் வந்தது. ‘எம்’ இருந்திருந்தால் அவனுக்குத்தான் வந்திருக்கும். வேறு யாருக்கோ போய்விட்டது.

உன் மேல் தப்பு என்று சொல்ல இதை எழுதவில்லை. நீ அழித்தது நீ பார்த்ததை வைத்து. உன் இடத்தில் யாராக இருந்தாலும் அழித்திருப்பார்கள்.

நேற்றும் நான் எதுவும் போடவில்லை. உன் பதில் இல்லாமல் என் விரல் அந்த விசைப்பலகையில் இறங்கவில்லை. இப்போது இரண்டு வழி இருக்கிறது. பழைய மாதிரி மச்சானுக்கு மட்டும் போட்டால் அவன் நாலாவது, அவன் ரத்த வகையில் முதல் ஆள். அல்லது கட்டளையிலிருந்து அவன் எண்ணை எடுத்துவிட்டு, ஊர் மாறிய எல்லோருக்கும் என்று போடலாம். அப்படிப் போட்டால் அவன் ஒன்பதாவது. அவனுக்கு முன்னால் உன் ஓவிய டீச்சர் வருவார்.

எது என்று நீ சொல்லு. என்னால் முடியவில்லை. நான் ஒரு எழுத்தை அடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும் ஆள்.

ஒத்தையெழுத்து


ஜூன் 18, புதன்
வார்டு

இதைத் தபாலில் போடவில்லை. உங்கள் ஊர் பஸ் டிரைவர் கையில் கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் உங்களுக்குக் கிடைக்க வேண்டும்.

தம்பியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குறியீடு, கோளாறு, நான் அழித்தது, வியாழக்கிழமை வந்து போனது, எல்லாம். ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றுகூட வாயில் வரவில்லை. குழாய் மாட்டியிருந்ததால் அவனால் எழுந்துபோகவும் முடியாது. கேட்டுக்கொண்டே இருந்தான். டீச்சர் இன்னும் வரவில்லை, நாற்காலி காலியாக இருந்தது.

அவன் பெருந்தன்மையாக ஏதாவது சொல்வான் என்று நான் எதிர்பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எதிர்பார்த்தேன். ‘எல்லாருக்கும் போடச் சொல்லுக்கா’ என்று அவனே சொல்லிவிட்டால் என் தலையிலிருந்து பாரம் இறங்கிவிடும் அல்லவா? அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"என்னைப் போடச் சொல்லுக்கா. என்னை மட்டும் போடச் சொல்லு. எனக்குச் சாகப் பயமா இருக்கு."

முப்பத்தைந்து வயசு ஆண்பிள்ளை. சின்ன வயசில் இருட்டுக்குப் பயந்து என் பாவாடையைப் பிடித்துக்கொள்வானே, அதே பிடி. அப்போது டீச்சர் உள்ளே வந்தார். அவன் கையை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான். டீச்சர் வழக்கம்போல ஏதோ கேலி செய்தார். அவன் திரும்பவில்லை. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஊசி ரொம்ப வலிச்சுதோ?" என்று என்னிடம் கேட்டார்.

எல்லோருக்கும் போடுங்கள்.

தெளிவாக எழுதுகிறேன், பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது. தம்பி ஒப்புக்கொள்ளவில்லை. அவன் வேண்டாம் என்றுதான் சொன்னான். நான் சொல்கிறேன். அவனைத் தூக்கி வளர்த்த அக்கா சொல்கிறேன். அந்த அம்மாள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நாலு மணி நேரம் இந்த ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவள் நான். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

போடுங்கள். நான் மனசு மாறி இன்னொரு கடிதம் எழுதினால் அதைப் பிரிக்காதீர்கள்.


ஜூன் 21, சனி
வீடு

இதையும் பஸ் டிரைவரிடம்தான் கொடுக்கிறேன். அவருக்கு நம் குடும்ப விஷயத்தில் ஆர்வம் வந்துவிட்டது, "வீட்டம்மா சமாதானம் ஆயிட்டாங்களா சார்?" என்று விசாரித்தார்.

போட்டுவிட்டேன். அதே ‘எம்’தான், உள்ளே இருப்பதை மட்டும் மாற்றினேன். நீ அழித்த எழுத்துக்குப் புதிதாக ஒன்றைச் சொன்னால், பழையது என்ன ஆயிற்று என்று கேட்காமல் டீபக்கர் வாங்கிக்கொள்ளும். அதற்கு எல்லாம் ஒன்றுதான். எனக்கு அப்படி இல்லை. மச்சான் எண் இருந்த இடத்தை வெட்டிவிட்டு, கோப்பு ஊர் மாறியிருந்தால் முதல் நாளிலிருந்து எண்ணு என்று போட்டேன். அடித்தேன். முதல் தடவையாகக் கண்ணைத் திறந்துகொண்டு அடித்தேன். பட்டியல் நான் சொன்ன மாதிரியே வந்தது. மச்சான் ஒன்பதாவது. அவன் ரத்த வகையில் டீச்சர்தான் முதல் ஆள்.

சாயங்காலத்துக்குள் மூன்று மருத்துவமனைகளிலிருந்து போன் வந்தது. மேலாளர் என்னைக் கூப்பிட்டார். நான் எதையும் மறைக்கவில்லை. இந்த வாரம் செய்தது, இரண்டு வருஷமாக மச்சானுக்குச் செய்தது, இரண்டையும் சொன்னேன். பட்டியல் இப்போதுதான் சரியாக இருக்கிறது, வேண்டுமானால் கோப்புகளை எடுத்துப் பாருங்கள் என்றேன்.

"சரியா தப்பான்னு நான் கேக்கல. யாரைக் கேட்டு மாத்தினீங்க?" என்றார்.

அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். என் கணக்கை மெஷினிலிருந்து எடுத்துவிட்டார்கள். கணக்கோடு என் எல்லாக் குறியீடுகளும் போய்விட்டன. இருபது வருஷமாகச் சேர்த்தவை. இந்த வாரப் பட்டியல் போனது போனதுதான், அடுத்த வெள்ளிவரை செல்லும். புரோகிராமைத் திருத்துவார்களா என்று கேட்டேன். புது மெஷினில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த வெள்ளி வேறு ஒருவர் வந்து வெறுமனே ஓட்டுவார். எல்லோரும் பழையபடி விழுவார்கள், டீச்சர், மச்சான், பெயர் தெரியாத முப்பது நாற்பது பேர்.

நான் பயந்தது அப்படியே நடந்துவிட்டது. அதைச் சொல்லிக்காட்ட எழுதவில்லை. நீ எழுதச் சொன்னது சரிதான், நான் செய்ததும் சரிதான், ஆனாலும் கையில் ஒன்றும் இல்லை. சமையலறையில் உட்கார்ந்திருக்கிறேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

அந்த அறையில் டீபக்கரைத் தொட அனுமதி உள்ள இன்னொரு ஆள் ஆபரேட்டர். அவள் லீவில் இருக்கிறாள். வா என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே அவனை யார் பார்ப்பார்கள்?


ஜூன் 24, செவ்வாய்
தம்பி வீடு

டீச்சருக்கு அழைப்பு வந்துவிட்டது.

நேற்று காலை. நாலு மணி நேரத்தில் பாதிகூட ஆகவில்லை, நர்ஸ் ஓடிவந்து, கிடைத்திருக்கிறது, உடனே புறப்பட வேண்டும் என்றார். டீச்சர் குழாயைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார், "என் குடை எங்க?" என்று கேட்டார். குடை தம்பியின் நாற்காலிக் காலில் சாய்ந்திருந்தது. அவன்தான் எடுத்துக் கொடுத்தான். "போயிட்டு வாங்க டீச்சர்" என்றான். அவர் அவன் தலையில் கை வைத்து, அடுத்தது நீதான் என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குத் தெரியாது, எதுவும் தெரியாது.

கதவு மூடியதிலிருந்து தம்பி என்னோடு பேசவில்லை. கஞ்சி கொடுத்தால் குடிக்கிறான். மாத்திரை கொடுத்தால் போட்டுக்கொள்கிறான். ஒரு வார்த்தை கிடையாது. காய்ச்சல் இறங்கவில்லை. எனக்கு அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போல இருக்கிறது, அதற்கும் எனக்கு உரிமை இல்லை என்று தோன்றுகிறது. அவன் கேட்டது கிடைத்திருந்தால் நேற்று அவன் புறப்பட்டிருப்பான், அவன் பையை டீச்சர் எடுத்துக் கொடுத்திருப்பார்.

வியாழக்கிழமை மதிய பஸ்ஸில் வருகிறேன். லீவை ரத்து செய்யச் சொல்லி ஆபீஸுக்கு எழுதி, இதோடு பஸ் டிரைவரிடமே கொடுத்துவிடுகிறேன். வெள்ளிக்கிழமை என் நாற்காலியில் நான் இருப்பேன். புதிதாக வருகிறவருக்கு டீபக்கரைத் திறக்க ஆபரேட்டர்தான் வேண்டும், அது உங்களுக்கே தெரியும்.

எனக்கு அந்தக் கட்டளையை முழுசாக எழுதிக் கொடுங்கள். குறியீடு வேண்டாம். ஓர் எழுத்துக்குள் மடித்து வைத்ததால்தான் உங்களால் இரண்டு வருஷம் படிக்காமலே அடிக்க முடிந்தது. நான் ஒவ்வொரு வார்த்தையாக, எல்லோரும் பார்க்கத் தட்டுவேன். தட்டியதை அச்செடுத்து, ஏன் தட்டினேன் என்று கீழே எழுதி, என் கையெழுத்தோடு பட்டியலின் முதல் பக்கமாக வைத்து எல்லா மருத்துவமனைக்கும் அனுப்புவேன். அனுப்புகிற வேலை என்னுடையதுதானே? அதற்கு மேல் மேலாளர் எத்தனை டாக்டருக்குப் பதில் சொல்வார் என்று பார்க்கிறேன். என்னையும் வீட்டுக்கு அனுப்பட்டும். அதற்கு அடுத்த வெள்ளி யார் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.

நீங்கள் இங்கே வாருங்கள். என் ஸ்டூலில் உட்காருங்கள். உங்களோடாவது பேசுவானா பாருங்கள். கஞ்சியில் உப்புப் போடக்கூடாது. கழுத்துக் கட்டில் தண்ணீர் படக்கூடாது. அவன் தூங்கும்போது மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

உங்கள் மனைவி


ஜூன் 28, சனி
தம்பி வீடு

என் தங்கத்துக்கு,

பஸ் ஸ்டாண்டில் கட்டளை எழுதிய தாளை உன் கையில் கொடுத்தபோது நிறையப் பேச வேண்டும் என்று வைத்திருந்தேன். நீ "சாவி எங்க?" என்று மட்டும் கேட்டாய். பூந்தொட்டிக்குப் பின்னால் என்றேன். அதற்குள் என் பஸ் கிளம்பிவிட்டது. அடுப்பைத் துடைத்து வைத்தேன், கவனித்தாயா?

முழு வாக்கியமாக எழுதுகிறேன்.

மச்சானுக்குக் காய்ச்சல் குறையவில்லை. மருந்தை மாற்றியிருக்கிறார்கள். டாக்டர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, அட்டையைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார். நேற்று அவனை வார்டுக்குக் கைத்தாங்கலாகத்தான் அழைத்துப் போனேன். பக்கத்து நாற்காலியில் புதிதாக ஒரு மெக்கானிக் வந்திருக்கிறார், இன்னும் யாரோடும் பேசவில்லை. டீச்சருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். நர்ஸ் சொன்னார். மச்சான் கேட்டுக்கொண்டான்.

வியாழக்கிழமை ராத்திரி முழுக்க என்னோடும் அவன் பேசவில்லை. நானும் தொந்தரவு செய்யவில்லை. சும்மா உட்காருவது எனக்குப் பழக்கம்தானே.

வெள்ளிக்கிழமை மதியம் ஆனது. நாம் வழக்கமாகப் பட்டியலை ஓட்டும் நேரத்துக்கு அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தான். அங்கே என்ன நடக்கிறது என்று எனக்கும் தெரியாது. உன்னை உள்ளே விட்டார்களா, விடவில்லையா, மேலாளர் பின்னால் நிற்கிறாரா. அவனும் நானும் ஒரே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

குழாயைக் கழற்றும் நேரத்தில் நர்ஸ் பட்டியலோடு வந்தார். இந்த வாரம் முதல் பக்கத்தில் ஏதோ எழுதியிருக்கிறதே, இது எங்களுக்கா, டாக்டருக்கா என்று கேட்டார். மச்சான் கையை நீட்டி அந்தத் தாளை வாங்கிக்கொண்டான். அது உன் கையெழுத்து என்று அவன் கண்டுகொண்டது எனக்குத் தெரிந்தது. கட்டளையை மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தான். திரும்பவும் படித்தான். எதையோ தேடுகிறான் என்று புரிந்தது.

"இதுல என் நம்பரே இல்லையே மாமா" என்றான்.

இல்லை என்றேன். எந்த எண்ணும் இல்லை, ஊர் மாறிய எல்லோரும் அதற்குள்தான் இருக்கிறார்கள், நீயும் இருக்கிறாய் என்று சொன்னேன். எட்டாவது இடம் என்றும் சொன்னேன். அவன் தாளை நர்ஸிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. டாக்டருக்கு வேண்டும் என்று அவர் கேட்டபோதுதான் கொடுத்தான்.

வீட்டுக்கு ஆட்டோவில் வரும்போது என் தோளில் சாய்ந்திருந்தான். உடம்பு கொதித்தது. தூங்குகிறான் என்று நினைத்து மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறக்காமல் பேசினான்.

"அக்காவுக்கு எழுதுவீங்கல்ல? நான் இன்னும் அவகூடப் பேசலைன்னு எழுதுங்க."

நான் ‘ம்’ என்றேன். முழுசாக எழுதச் சொன்னாய், இந்த ஒன்றை மட்டும் என்னால் விரித்து எழுத முடியவில்லை. நீயே விரித்துப் படித்துக்கொள்.

உன்
ஒத்தையெழுத்து